கோயம்புத்தூரிலிருந்து சிகாகோ: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்? நீங்களே கணக்குப் போட ஒரு முழு வழிகாட்டி

"ஏனுங்க தம்பி, சிகாகோவுக்கு எத்தன மணி நேரமுங்க ஆகும்?"

திருப்பூரில் டிக்கெட் போட்டுக் கொடுக்கிற தொழில் எனக்கு. இந்தக் கேள்வி வராத வாரமே கிடையாது. போன தை மாதம் கேட்டவர்கள் காங்கேயம் பக்கத்து அம்மாயியும் அப்புச்சியும் (எங்கள் பக்கத்தில் பாட்டி, தாத்தா). மகளுக்குப் பிரசவம், சிகாகோ பக்கத்து நேப்பர்வில்லுக்குப் போக வேண்டும். பேரன் போனில் பார்த்துப் பதினாறு மணி நேரம் என்றானாம். மருமகன் இருபத்து மூன்று என்றாராம். போய் வந்த பக்கத்துத் தோட்டத்துக்காரர் முப்பத்து மூன்று என்று பயமுறுத்திவிட்டார். டிக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்த்த அப்புச்சியோ, "காத்தால நாலரைக்கு ஏறி அன்னைக்கே சாயந்திரம் நாலு மணிக்கு எறங்கறோம்னு போட்டிருக்குதே, பதினொன்னரை மணி நேரந்தானுங்க?" என்றார்.

நாலு பேர் சொன்னதும் சரிதான். நாலும் வேறு வேறு கணக்கு. நேராகப் பறந்தால் ஆகும் நேரம் ஒன்று. முதல் விமானம் கிளம்பியது முதல் கடைசி விமானம் நிற்கும் வரை இன்னொன்று. வீட்டு வாசலில் இருந்து வீட்டு வாசல் வரை மூன்றாவது. டிக்கெட்டில் அச்சடித்த இரண்டு கடிகாரங்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம் நான்காவது. ஒவ்வொன்றையும் எப்படிப் போடுவது என்று அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். சிகாகோவுக்குப் பதில் டொரொண்டோ, லண்டன், சிட்னி எதை வைத்தாலும் முறை இதேதான்.

முதலில் தூரம்: ஒரு கோன் நூல் போதும்

சுவரில் மாட்டிய உலக வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். அதில் கோடு போட்டால் அரபிக்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று நேர் மேற்கே போகும். உருண்டையைத் தட்டையாக விரித்ததில் வந்த கோளாறு அது.

பள்ளிக்கூடத்தில் இருக்குமே, உலக உருண்டை, அதை எடுத்துக்கொள்ளுங்கள். என் மேசையில் இருப்பது 30 செ.மீ. விட்டம் கொண்டது. திருப்பூரில் நூலுக்கா பஞ்சம்? பனியன் கம்பெனிக் கோனிலிருந்து ஒரு முழம் அறுத்து, ஒரு முனையைக் கோயம்புத்தூர் இருக்கும் இடத்தில் கட்டைவிரலால் அழுத்தினேன். மறுமுனையைச் சிகாகோவில் வைத்து விறைப்பாக இழுத்தேன். நூல் தானாகவே வழுக்கி வடக்கே ஏறியது. குஜராத், ராஜஸ்தான் ஓரமாகப் போய், பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், மத்திய ஆசியா, ரஷ்யாவின் ஊரல் மலைப்பக்கம் என்று ஏறி, கிரீன்லாந்தின் வடகிழக்குக் கடலைத் தொட்டு, கனடாவின் ஹட்சன் விரிகுடா வழியாக இறங்கி நின்றது. அப்புச்சி கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார். "மேக்கால போறதுன்னு நெனச்சா, வடக்கால போவுதுங்களே" என்றார். உண்மைதான். கோயம்புத்தூரில் கிளம்பும்போது வடக்கிலிருந்து 14 டிகிரிக்கும் குறைவாகத்தான் மேற்கே சாய்கிறது பாதை. உச்சத்தில் 76 டிகிரி வட அட்சத்தைத் தாண்டிவிடுகிறது.

நூலை ஸ்கேலில் வைத்தால் 33 செ.மீ.க்கு ஒரு நூலிழை குறைவு. உருண்டையின் சுற்றளவு 94 செ.மீ. சொச்சம், பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர். அப்படியானால் இந்த உருண்டையில் 1 செ.மீ. என்பது 425 கி.மீ. பெருக்கினால் 14,000 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும்.

துல்லியமாக வேண்டும் என்பவர்களுக்குப் போனில் உள்ள சயின்டிபிக் கால்குலேட்டர் இருக்கிறது. டிகிரி முறையில் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். கோயம்புத்தூர் விமான நிலையம் 11.03 வடக்கு, 77.04 கிழக்கு. சிகாகோ ஓ'ஹேர் 41.98 வடக்கு, 87.90 மேற்கு. ஒன்று கிழக்கு, ஒன்று மேற்கு என்பதால் தீர்க்கரேகைகளைக் கூட்ட வேண்டும்: 164.94. இரண்டும் ஒரே பக்கம் என்றால் கழிக்க வேண்டும். இங்கேதான் பாதிப் பேர் சறுக்குவது.

இரண்டு அட்சங்களின் (வடக்கு என்று போட்ட எண்களின்) சைன்களைப் பெருக்கினால் 0.128. இரண்டு அட்சங்களின் காஸ்களையும், 164.94-இன் காஸையும் சேர்த்துப் பெருக்கினால் மைனஸ் 0.7046. கூட்டினால் மைனஸ் 0.5766. இதற்குத் தலைகீழ் காஸ் (cos⁻¹ பொத்தான்) போட்டால் 125.2 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111.2 கி.மீ. பெருக்கினால் சுமார் 13,920 கிலோமீட்டர். மைல் கணக்கில் 8,650.

கணக்கே வேண்டாம் என்றால் இணையத்தில் இரண்டு விமான நிலையக் குறியீடுகளைக் கொடுத்தாலே தூரம் வந்துவிடும். கோயம்புத்தூருக்கு சி.ஜே.பி., கொச்சிக்கு சி.ஓ.கே., ஓ'ஹேருக்கு ஓ.ஆர்.டி. இந்த ஓ.ஆர்.டி. எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்பார்கள். அந்த இடத்துக்கு முன்பு ஆர்ச்சர்ட் ஃபீல்டு என்று பெயர். பெயர் மாறியும் குறியீடு மாறவில்லை. சிகாகோவில் மிட்வே என்று இன்னொரு நிலையமும் உண்டு, ஏமாந்துவிடாதீர்கள்.

தூரத்தை மணியாக மாற்றுவது

நீண்டதூர ஜெட் விமானம் மேலே போனபின் மணிக்கு சுமார் 900 கி.மீ. வேகத்தில் போகும். 13,920-ஐ 900-ஆல் வகுத்தால் பதினைந்தரை. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் அரை மணி சேர்த்தால் 16. பேரன் சொன்னது இந்தக் கணக்கு. கணக்கு சரி, அப்படி ஒரு விமானம்தான் இல்லை. கோயம்புத்தூரிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடிச் சேவை கிடையாது. விமானத்தால் முடியாது என்பதில்லை. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு 15,300 கிலோமீட்டருக்கு மேல் ஒரே மூச்சில் பறக்கிறார்கள். நம்ம ஓடுபாதையின் நீளம் 3,000 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அவ்வளவு எண்ணெயையும் முழுக் கூட்டத்தையும் சுமந்து இங்கிருந்து எழும்புவது வேறு கதை. தினமும் அத்தனை பேர் சிகாகோ போவார்களா என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு வேகமான காற்றோடை ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டுவதும் உண்டு. போகும்போது எதிர்க்காற்று, வரும்போது முதுகில் தள்ளும் காற்று. பிராங்பர்ட்டிலிருந்து சிகாகோ போக ஒன்பதரை மணி என்றால், திரும்பி வர எட்டரை போதும். தூரம் அதேதான். "போகும்போது ஏன் அதிகம் போட்டிருக்கிறது, தப்பா?" என்று கேட்டால், தப்பில்லை, காற்று.

நேர்கோட்டைக் கெடுப்பது இன்னொன்று: மூடிய வானம். 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியபின் ஐரோப்பிய, அமெரிக்க, கனடிய விமானங்களுக்கு ரஷ்யா மேலே பறக்க வழியில்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வழியை இந்திய விமானங்களுக்கு மூடியது. நம் நூல் போன பாதையை நினைத்துப் பாருங்கள், இரண்டு நாடுகளுமே அதில் இருக்கின்றன. அதனால் ஒரே ஊருக்கு ஒரே நாளில் போகும் இரண்டு கம்பெனி விமானங்களுக்கு ஒரு மணி, ஒன்றரை மணி வித்தியாசம் இருக்கலாம். பழைய பயணத்தின் நேரத்தை நம்பாமல், டிக்கெட் போடும் அன்று திரையில் வருவதைப் பாருங்கள்.

டிக்கெட்டில் போடும் நேரம் பறக்கும் நேரம் மட்டும் அல்ல என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நிறுத்தியிருந்த இடத்தை விட்டு விமானம் நகர்வதில் தொடங்கி, போய்ச் சேர்ந்த இடத்தில் நிற்பது வரை. எங்கள் பாஷையில் பிளாக் டைம். தரையில் ஊர்ந்துபோகும் நேரமும், கொஞ்சம் தாமதத்துக்கான இடைவெளியும் அதற்குள்ளேயே அடக்கம். "லேட்டாத்தான் கிளம்புச்சு, ஆனா கரெக்ட்டா இறங்கிட்டோம்" என்று சொல்பவர்களுக்கு விஷயம் இதுதான்.

டிக்கெட்டின் இரண்டு கடிகாரங்கள்

அப்புச்சியின் பதினொன்றரை எப்படி வந்தது? டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊருக்கு உரியது, சேரும் நேரம் சேரும் ஊருக்கு உரியது. இரண்டையும் அப்படியே கழிக்கக் கூடாது. ஏதாவது ஒரு கடிகாரத்துக்கு மாற்றிவிட்டுக் கழிக்க வேண்டும்.

குளிர்காலத்தில் சிகாகோ நமக்குப் பதினொன்றரை மணி பின்னால். கோடையில் பத்தரை மணி. மார்ச் இரண்டாம் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னால் இழுப்பார்கள். நாம் இந்த வம்புக்கே போவதில்லை.

குளிர்காலத்துக்கு ஒரு குறுக்குவழி சொல்கிறேன். நம் நேரத்தைப் பகலிலிருந்து இரவாகப் புரட்டி, அரை மணி கூட்டுங்கள். இங்கே காலை 10 என்றால் அங்கே முந்தின நாள் இரவு பத்தரை. கோடையில் இன்னும் ஒரு மணி கூட்டினால் பதினொன்றரை. அம்மாயி இதை அங்கேயே பிடித்துக்கொண்டார்.

இப்போது அவர்கள் டிக்கெட். செவ்வாய் அதிகாலை 4:30-க்குக் கொச்சியில் ஏற்றம். அபுதாபி நமக்கு ஒன்றரை மணி பின்னால். அங்கே காலை 7:15-க்கு இறங்கி, 11-க்கு அடுத்த விமானம். சிகாகோவில் அதே செவ்வாய் மாலை 4. அந்த 4 மணிக்குப் பதினொன்றரையைக் கூட்டினால் நம் ஊரில் புதன் அதிகாலை 3:30. செவ்வாய் 4:30 முதல் புதன் 3:30 வரை 23 மணி நேரம். மருமகன் சொன்னது இது. பிரித்தால், முதல் பறப்பு நாலேகால், காத்திருப்பு மூன்றேமுக்கால், இரண்டாவது பறப்பு பதினைந்து. கூட்டிப் பாருங்கள், 23 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ கடிகாரம் பிசகியிருக்கிறது.

இதில் நானே ஒருமுறை சறுக்கினேன். நவம்பர் முதல் ஞாயிறுக்கு மறுநாள் சிகாகோவில் இறங்கிய ஒருவரின் வீட்டுக்கு, "நம்ம நேரம் ரெண்டரைக்கு இறங்கிருவாருங்க, போன் வரும்" என்று சொல்லிவிட்டேன். பத்தரை மணிக் கணக்கிலேயே இருந்துவிட்டேன். உண்மையில் மூன்றரை. அந்த ஒரு மணி நேரமும் அவர் தாயார் சாமி அறை முன் உட்கார்ந்து அழுதிருக்கிறார். விடிந்ததும் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து மார்ச், நவம்பர் பயணம் என்றால் காலண்டரில் அந்த ஞாயிற்றைச் சிவப்பில் வட்டம் போட்டுவிட்டுத்தான் பேனாவை எடுப்பேன்.

நடுவில் எங்கே இறங்குவது: பணமும் நேரமும் போகும் இடம்

கிலோமீட்டரைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்பதுதான் என் கட்சி. ஏன் என்று பாருங்கள்.

கோயம்புத்தூர், டெல்லி, சிகாகோ என்று போனால் நேர்கோட்டுக் கணக்கில் மொத்தம் சுமார் 13,970 கி.மீ. நேராகப் போவதைவிட ஐம்பதுதான் அதிகம்! "டெல்லிக்கு எதுக்குங்க சுத்திக்கிட்டு" என்பவர்கள் நூலை நினைத்துக்கொள்ளுங்கள். டெல்லி சுற்றுவழி இல்லை, ஏறக்குறைய அதே வழியில்தான் இருக்கிறது. அபுதாபி வழி என்றால் 14,480. சென்னை போய், பிராங்பர்ட் போய், சிகாகோ என்றால் 14,970. குறைந்ததற்கும் கூடியதற்கும் ஆயிரம் கிலோமீட்டர் வித்தியாசம். ஆகாயத்தில் ஆயிரம் கிலோமீட்டர் என்பது ஒரு மணி பத்து நிமிடம், அவ்வளவுதான். ஒரு விமானம் தவறினால் ஒரு நாள் போய்விடும்.

ஆகவே நான் பார்ப்பது வேறு. எத்தனை முறை மாற வேண்டும்? எல்லாம் ஒரே டிக்கெட்டா? காத்திருப்பு எவ்வளவு? எந்த மாதம்?

டெல்லி வழி மார்கழி, தை மாதங்களில் எனக்குப் பிடிக்காது. காலை மூடுபனியில் விமானங்கள் தாமதமாவது அங்கே வாடிக்கை. அந்த மாதங்களில் ஐந்து மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளியில் போட மாட்டேன். சென்னை, பிராங்பர்ட் வழியில் இரண்டு முறை மாற வேண்டும். இளவட்டங்களுக்குப் பரவாயில்லை, முழங்கால் வலிக்காரர்களுக்கு வேண்டாம்.

கோயம்புத்தூரிலிருந்தே ஷார்ஜா, அபுதாபி, சிங்கப்பூர் என்று வெளிநாட்டு விமானங்கள் போகின்றன. அதில் ஏறி அங்கிருந்து அமெரிக்கா போகலாமே என்று தோன்றும். இரண்டும் ஒரே டிக்கெட்டாகக் கிடைத்தால் தாராளமாகப் போங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் யோசியுங்கள். பெட்டியை வெளியே எடுத்து மறுபடி போட வேண்டிவரலாம், அதற்கு அந்த நாட்டு விசா வேண்டியிருக்கலாம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது கம்பெனிக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. என் வாடிக்கையாளர் ஒருவர் நாலாயிரம் ரூபாய் மிச்சம் என்று சென்னை வரைக்கும் தனியாக வாங்கினார். அந்த விமானம் மூன்று மணி நேரம் தாமதம். அமெரிக்க விமானத்தின் கவுண்டர் மூடியாகிவிட்டது. புது டிக்கெட்டுக்கு அவர் கொடுத்ததை இங்கே எழுதினால் அவருக்கு மறுபடி மயக்கம் வரும். தனித்தனியாகத்தான் வாங்குவேன் என்று பிடிவாதமாக இருந்தால், முந்தின நாளே போய்த் தங்கிவிடுங்கள்.

ஒவ்வொரு விமான நிலையத்திலும் மாறுவதற்கான குறைந்தபட்ச நேரம் என்று ஒன்று உண்டு. அதற்கு மேல் பத்து நிமிடம் இருந்தாலும் கம்ப்யூட்டர் டிக்கெட் கொடுத்துவிடும். அது ஓடிப் பிடிப்பவர்களுக்கான நேரம். வயதானவர்களுக்கு மூன்று மணிக்குக் குறையாமல் பாருங்கள், சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே பதிந்துவிடுங்கள்.

காங்கேயத்தாருக்கு நான் கொச்சி, அபுதாபி வழியைப் போட்டதற்கு இதெல்லாம் காரணம். ஒரே டிக்கெட், ஒரே மாற்றம். இன்னொன்று, அமெரிக்கக் குடியேற்றச் சோதனையை அபுதாபியிலேயே முடித்துவிடலாம். அந்த வசதி அங்கே இருக்கிறது. சிகாகோவில் உள்நாட்டுப் பயணி மாதிரி இறங்கிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போகலாம். அந்த மூன்றேமுக்கால் மணி வெட்டிக் காத்திருப்பு இல்லை, வரிசையில் நிற்கும் வேலை அதற்குள் நடக்கிறது. வேறு வழியில் போய், சிகாகோவுக்கு முன் இன்னொரு அமெரிக்க ஊரில் இறங்குகிறீர்கள் என்றால், முதலில் இறங்கும் ஊரிலேயே பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி போட வேண்டும். அங்கே ஒன்றரை மணி இடைவெளி எல்லாம் எந்த மூலைக்கு?

சாப்பாட்டுப் பெட்டியும் நேரத்தைத் தின்னும். பருப்புப்பொடி, காய்ந்த மிளகாய்த் தூள் போகட்டும். பச்சைக் கறிவேப்பிலைக்கு அமெரிக்காவில் அனுமதி இல்லை, பிடித்தால் பிடுங்கிவிடுவார்கள். விதை, பழம், கறி எதுவும் வேண்டாம். இருக்கிறது என்றால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மறைத்து மாட்டினால் நேரம் மட்டுமல்ல, அபராதமும் போகும்.

வாசலிலிருந்து வாசல் வரை

கொங்குப் பக்கத்துக்காரர்கள் மறந்துவிடும் பகுதி இது. சர்வதேச விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் இருக்க வேண்டும். 4:30 விமானம் என்றால் நெடும்பாசேரியில், அதாவது கொச்சி விமான நிலையத்தில், 1:30. காங்கேயத்திலிருந்து பல்லடம், பாலக்காடு, திருச்சூர் என்று போக, டீ குடிக்க நிறுத்துவதையும் சேர்த்து ஐந்து மணி வைத்துக்கொள்ளுங்கள். 2021-இல் குதிரான் சுரங்கப்பாதை திறந்தபின் அந்த மலையேற்றத்து நெரிசல் குறைந்தது; ஆனாலும் திருச்சூர்ப் பக்கம் எந்த வேலை நடக்கும், எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. ஆக, திங்கள் இரவு எட்டரைக்குக் கார் கிளம்ப வேண்டும்.

அங்கே சிகாகோவில் 4 மணிக்கு இறங்கி, பெட்டி வர முக்கால் மணி. ஓ'ஹேரிலிருந்து நேப்பர்வில் 45 கிலோமீட்டர் போல, சாயங்கால நெரிசலில் ஒன்றேகால் மணி. வீடு சேர மாலை 6. நம் நேரம் புதன் காலை ஐந்தரை. திங்கள் இரவு எட்டரை முதல் எண்ணினால் 33 மணி நேரம். தோட்டத்துக்காரர் பொய் சொல்லவில்லை. அதில் விமானத்துக்குள் இருப்பது பத்தொன்பது மணி சொச்சம்தான். மீதி பதினான்கு மணி தரையில். டெல்லி வழியையும் இப்படியே போட்டேன்: வீட்டிலிருந்து கோயம்புத்தூர் விமான நிலையம் 2, அங்கே 3, டெல்லிக்கு 3, காத்திருப்பு (பனியில்லாத மாதக் கணக்கில்) 4, சிகாகோவுக்கு 16, குடியேற்றமும் பெட்டியும் ஒன்றேமுக்கால், வீட்டுக்கு ஒன்றேகால். மொத்தம் 31. இரண்டு மணி மிச்சம். ஆனால் தை மாதம், பனி. அம்மாயியிடம் இரண்டையும் காட்டினேன். "ரெண்டு மணி நேரம் காருல தூங்கிக்கறமுங்க, அந்தப் பனியில போயி நிக்க முடியாது" என்று முடித்துவிட்டார்.

கிளம்பும் நாளில் ஒன்றை மட்டும் கண்ணால் பாருங்கள். கவுண்டரில் பெட்டியில் சுற்றும் அந்த நீளச் சீட்டில் கடைசி ஊராகப் பெரிய எழுத்தில் ஓ.ஆர்.டி. என்று இருக்க வேண்டும். நடு ஊரின் எழுத்து இருந்தால், பெட்டி பெல்ட்டில் நகரும் முன்பே கேட்டுவிடுங்கள். அதன் சிறு துண்டைப் பாஸ்போர்ட்டுக்குள் ஒட்டாமல் தனியாக வையுங்கள்.

திரும்பும்போது

வரும்போது கணக்கு தலைகீழ். வெள்ளி மாலை 6-க்குச் சிகாகோவில் ஏறினால் அது நமக்குச் சனி காலை ஐந்தரை. 22 மணி நேரப் பயணம் என்று வைத்தால் கொச்சியில் ஞாயிறு அதிகாலை 3:30. டிக்கெட்டில் இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் பொடியாக +2 என்று போட்டிருப்பார்கள். இரண்டு நாள் கழித்து என்று அர்த்தம். இதைப் பார்க்காமல் சனிக்கிழமை விடியற்காலை நெடும்பாசேரியில் போய் நின்ற மருமகன்கள் இருக்கிறார்கள். டிரைவரிடம் "ஞாயித்துக்கெழம" என்று மட்டும் சொல்லாதீர்கள், ஞாயிறு காலையில் சாவகாசமாகக் கிளம்பி வருவார். சனிக்கிழமை ராத்திரி பத்தரைக்குக் காங்கேயத்தில் வண்டி எடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.